காத்திருந்தவன் இப்போது காக்க வைக்கிறேன்

நெடுந்தூர டிரெய்லர் ஓட்டுவதை விட்டுவிட்டு, கிடங்கு வளாகத்துக்குள்ளேயே டிரெய்லர்களை இடம் மாற்றும் யார்டு டிரைவராகச் சேர்ந்து 14 மாதங்கள் ஆகின்றன. முதல் நாள் ஷிஃப்ட் முடிந்ததும் பழக்கதோஷத்தில் கிலோமீட்டர் கணக்கைக் குறித்துக்கொண்டேன். 10 மணி நேர வேலையில் வண்டி ஓடியிருந்தது 31 கிலோமீட்டர். பழைய வேலையில் எஞ்சின் நன்றாகச் சூடேறி, கியர்கள் ஏறி, வண்டி ஒரு சீரான ஓட்டத்துக்கு வந்து சேர்வதற்குள் அந்தத் தூரம் கழிந்துவிட்டிருக்கும். ஆனால் அன்றைக்கு வீட்டுக்கு வந்து படுத்தபோது உடம்பை அடித்துத் துவைத்துப் போட்டதுபோல் இருந்தது. 600 கிலோமீட்டர் ஓட்டிய நாள்களில்கூட என் முழங்கால்கள் அப்படி வலித்ததில்லை. "பக்கத்திலேயே ஓட்டுகிற வேலைதானே, இனி ஓய்வாக இருக்கலாம்" என்று என்னிடம் சொன்னவர்கள் ஒருவரும் அந்த வேலையைச் செய்து பார்த்தவர்கள் அல்லர் என்பது அன்றே விளங்கிவிட்டது.

நெடுஞ்சாலையில் 11 ஆண்டுகள் ஓட்டினேன். முதுகுவலி, தூக்கக் குறைவு, நான் பாராமலே வளர்ந்துவிட்ட மகள் என்று எல்லா நெடுந்தூர ஓட்டுநர்களும் சொல்லும் காரணங்கள் எனக்கும் இருந்தன. அவற்றை விரித்துச் சொல்லத் தேவையில்லை. என்னை உண்மையில் அலுக்க வைத்தது காத்திருப்புதான். இரவு முழுவதும் கண்விழித்து ஓட்டி, சொன்ன நேரத்துக்கு அரை மணி முன்பாகவே கிடங்கின் வாசலில் வண்டியை நிறுத்தியிருப்பேன். கேட்டில் சீட்டைக் கொடுத்தால், "வெயிட் பண்ணுங்க, கூப்பிடுவோம்" என்பார்கள். அந்தக் கூப்பாடு மூன்று மணி நேரத்திலும் வரலாம், ஒன்பது மணி நேரத்திலும் வரலாம். எந்த நொடியும் அழைப்பார்கள் என்பதால் ஆழ்ந்து தூங்கவும் முடியாது. அழைக்கவே மாட்டார்கள்போல் இருப்பதால் விழித்திருக்கவும் பிடிக்காது. ஓட்டிய தூரத்துக்குத்தான் கூலி என்னும்போது நின்ற நேரம் முழுவதும் நம் கைநஷ்டம்.

அமெரிக்காவில் சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு நாளில் 11 மணி நேரம் ஓட்டலாம். ஆனால் பணியைத் தொடங்கிய 14 மணி நேரத்துக்குள் அதை ஓட்டி முடித்துவிட வேண்டும் என்பது விதி. கிடங்கு வாசலில் முடங்கிக் கிடக்கும் நேரமும் பொதுவாக அந்த 14 மணியில்தான் கரையும். ஐரோப்பிய ஒன்றியத்தில் நாலரை மணி நேரம் ஓட்டினால் 45 நிமிடம் ஓய்வு எடுத்தாக வேண்டும். விதி எந்த நாட்டினதாக இருந்தாலும், வாசலில் இழந்த நேரத்தைச் சாலையில் மீட்கப் பார்ப்பது ஓட்டுநரின் இயல்பாகிவிடுகிறது. பல விபத்துகளுக்கு வித்து அந்தக் கேட்டின் முன்னால்தான் விழுகிறது என்பது என் எண்ணம். அப்படிக் காத்திருந்த வேளைகளில், கண்ணெதிரே ஒற்றை இருக்கை கொண்ட குட்டை வண்டி ஒன்றில் உட்கார்ந்து டிரெய்லர்களை இங்குமங்கும் இழுத்துக்கொண்டிருக்கும் ஆளைப் பார்த்து, "இவன் கொஞ்சம் சுறுசுறுப்பாக இருந்தால் இந்நேரம் நம் வேலை முடிந்திருக்கும்" என்று மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். இப்போது அந்தக் குட்டை வண்டியில் உட்கார்ந்திருப்பவன் நான்.

அந்த வண்டியைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். யார்டு டிராக்டர் என்றும் டெர்மினல் டிராக்டர் என்றும் அழைக்கப்படும் இதை, அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்திலுள்ள ஒட்டாவா என்னும் ஊரில் 1958ஆம் ஆண்டிலேயே இந்த வேலைக்கென்று தனியாகச் செய்யத் தொடங்கிவிட்டார்கள். கேபினில் ஒரே ஓர் ஆள்தான் உட்கார முடியும், சுற்றிலும் கண்ணாடி. கதவு பின்பக்கமும் இருப்பதால், இருக்கையிலிருந்து எழுந்து திரும்பி இரண்டடி வைத்தால் காற்றுக்குழாய்கள் தொங்கும் மேடையில் நிற்கலாம். டிரெய்லரின் மூக்கைத் தாங்கும் ஃபிஃப்த் வீல் என்னும் தட்டு, கிரீஸ் பூசிய ஒரு பெரிய குதிரை லாடம்போல் இருக்கும். சாலையில் ஓடும் லாரியில் அது ஓரிடத்தில் பொருத்தப்பட்டிருக்க, யார்டு வண்டியிலோ ஹைட்ராலிக் விசையால் ஏறி இறங்கும். ஆகவே தனியே நிற்கும்போது டிரெய்லரைத் தாங்கும் முன்கால்களைக் கைப்பிடி சுழற்றி மடக்கிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. கால்கள் கீழே இருக்கும்போதே மூக்கைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடலாம். பழைய வேலையில் அந்தக் கைப்பிடியைச் சுழற்றிச் சுழற்றித் தோள்பட்டை தேய்ந்த எனக்கு இந்த ஒரு வசதியே பெரிய பரிசாகத் தோன்றியது.

பரிசுக்கு விலையும் உண்டு. ஒரு நகர்வு என்பது இப்படிப் போகும்: பின்னால் போய் டிரெய்லரின் அடியில் நுழைய வேண்டும், தட்டை உயர்த்த வேண்டும், எழுந்து கதவைத் திறந்து சிவப்புக் காற்றுக்குழாயை மாட்ட வேண்டும், இறங்கிக் குனிந்து பார்க்க வேண்டும், ஏறி உட்கார்ந்து மெல்ல இழுத்துச் சோதிக்க வேண்டும், பிறகு தூக்கிக்கொண்டு போய், சரக்கு ஏற்றி இறக்கும் டாக் ஒன்றில் ரிவர்ஸ் எடுத்து வைத்து, குழாயைக் கழற்றி, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, வெளியே வர வேண்டும். இதை ஒரு ஷிஃப்டில் 50 முறை செய்தால் 100 தடவைக்குக் குறையாமல் ஏறி இறங்கியாக வேண்டும். முழங்கால் வலியின் காரணம் இதுதான். மேடையிலிருந்து குதித்து இறங்கும் பழக்கம் எனக்கு இருந்தது. இரண்டாவது மாதம் அதை விட்டேன். வண்டியைப் பார்த்தபடி, கைப்பிடியைப் பற்றி, ஒவ்வொரு படியாக இறங்கினால் ஒரு நாளைக்குச் சில நிமிடங்கள் கூடுதலாகும். முழங்காலுக்கு முன்னால் அந்த நிமிடங்கள் பெரிதல்ல.

மூன்றாவது வாரத்தில் நடந்ததை மறைக்காமல் எழுதிவிடுகிறேன். இரவு ஷிஃப்ட், தூறல், வரிசையின் கோடியில் ஒரு காலி டிரெய்லர். யாரோ அதன் முன்கால்களை வழக்கத்தைவிட உயரமாக நிறுத்திவிட்டுப் போயிருந்தார்கள். டிரெய்லரின் அடிவயிற்றிலிருந்து தொங்கும் கிங் பின் என்னும் எஃகு முளை, ஃபிஃப்த் வீலின் பிளவுக்குள் வழுக்கி வந்து தாடைகளுக்கு நடுவே சிக்க வேண்டும். அன்று அது அதிக உயரத்தில் இருந்ததால் தாடைக்குள் இறங்காமல், அதன் மேலேயே ஏறி உட்கார்ந்துகொண்டது. எனக்கோ "டக்" என்ற சத்தம் கேட்டது. 11 ஆண்டுகள் கேட்டுப் பழகிய சத்தம் என்று நினைத்துவிட்டேன். மழையில் இறங்கிக் குனிந்து பார்க்கச் சோம்பல். இழுத்துப் பார்க்கும் சோதனையையும் செய்யவில்லை. குழாயை மட்டும் மாட்டிவிட்டுத் தட்டை உயர்த்திக் கிளம்பினேன்.

முதல் திருப்பம் வரை ஒன்றும் தெரியவில்லை. வண்டியை வளைத்தபோது முதுகுக்குப் பின்னால் இரும்போடு இரும்பு உரசும் நீண்ட கீச்சொலி எழுந்தது. கண்ணாடியில் பார்ப்பதற்குள் டிரெய்லரின் மூக்கு தட்டிலிருந்து வழுக்கி முன்கால்கள்மீது தொப்பென்று விழுந்தது. சிவப்புக் குழாய் அறுந்து, சீறிக்கொண்டு பாம்புபோல் ஆடியது. டிரெய்லர் அந்த இடத்திலேயே அசையாமல் நின்றுவிட்டது. ஏர் பிரேக்கைக் கண்டுபிடித்தவர்களை அன்றுதான் மனமாரப் பாராட்டினேன். டிரெய்லரின் பிரேக்கை எப்போதும் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருப்பது உள்ளே இருக்கும் கனமான சுருள்வில். காற்றழுத்தம் அந்த வில்லை அமுக்கி வைத்திருக்கும் வரைதான் சக்கரம் உருளும். குழாய் அறுந்து காற்று போனால் வில் விடுபட்டுச் சக்கரத்தைப் பிடித்துவிடும். ஒரு கால் வளைந்ததோடு சேதம் முடிந்தது. லோடு ஏறிய டிரெய்லராக இருந்திருந்தால் இந்தப் பத்தியை இவ்வளவு நிதானமாக எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

யார்டில் என்னைவிட மூத்தவர் ஒருவர் டார்ச்சோடு வந்து எல்லாவற்றையும் சுற்றிப் பார்த்துவிட்டு, "தம்பி, சத்தத்த நம்பாத, கண்ணால பாரு" என்று மட்டும் சொன்னார். திட்டவில்லை, அதுதான் அதிகமாக உறைத்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு முறையும் இறங்கிக் குனிந்து இரண்டைப் பார்க்கிறேன். தட்டுக்கும் டிரெய்லரின் அடிப்பகுதிக்கும் இடையில் வெளிச்சம் தெரியக் கூடாது. முளையின் கழுத்தைச் சுற்றித் தாடை முழுவதும் மூடியிருக்க வேண்டும். அதன்பின் டிரெய்லரின் பிரேக் பிடித்திருக்கும்போதே முன்னால் மெல்ல இழுத்துப் பார்க்க வேண்டும். வண்டி முரண்டு பிடித்தால் இணைப்பு சரி. எல்லாம் சேர்த்து அரை நிமிடம்கூட ஆகாது.

ரிவர்ஸ் எடுப்பதைப் பற்றி எனக்கு இருந்த கர்வமும் அதே மாதத்தில் கரைந்தது. நெடுந்தூர ஓட்டுநர் 600 கிலோமீட்டர் முன்னால் போய்விட்டு, கடைசியில் ஒரு முறையோ இரண்டு முறையோ பின்னால் போவார். யார்டில் வாழ்க்கையே பின்பக்கம்தான். டிரெய்லரின் வால் வலப்பக்கம் போக வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை இடப்பக்கம் திருப்ப வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்த பாடம். ஆனால் நீளமான லாரியில் பழகிய கை, குட்டையான யார்டு டிராக்டரில் தேவைக்கு மேல் திருப்பிவிடும், டிரெய்லர் சட்டென்று முறுக்கிக்கொண்டு கேபினை நோக்கி மடிந்து வரும். எனக்கு அதைத் திருத்தியவர் என்னில் பாதி வயதுள்ள ஒரு பெண் ஓட்டுநர். "அண்ணா, இவ்ளோ சுத்தாதீங்க. கொஞ்சம் திருப்பிட்டு அது என்ன பண்ணுதுன்னு பாருங்க, அப்புறம் பின்னாடியே போங்க" என்றார். நான் ஐந்து முறை முன்னும் பின்னும் போய் நுழைத்த டாக்கில் அவர் ஒரே வீச்சில் நுழைத்தார். முடிந்த வரை ஓட்டுநர் உட்காரும் பக்கமாக வளைந்து பின்னால் வர வேண்டும், மறுபக்கம் குருட்டுப் பக்கம், சந்தேகம் வந்தால் இறங்கிப் பார்க்க வேண்டும் என்பவையெல்லாம் எனக்கும் தெரியும்தான். அவருக்கு அவை கையில் இருந்தன; எனக்கு வாயில் இருந்தன.

டாக்கில் நிற்கும் டிரெய்லரை எடுப்பது இந்த வேலையிலேயே என்னை மிகவும் அஞ்ச வைக்கும் கட்டம். உள்ளே ஃபோர்க்லிஃப்ட் ஒன்று சரக்கோடு டிரெய்லருக்குள் நுழைந்துகொண்டிருக்கும் நேரத்தில் வெளியே ஒருவன் வண்டியை முன்னால் எடுத்துவிட்டால், பல டன் எடையுள்ள அந்த இயந்திரம் ஆளோடு இடைவெளியில் விழும். அதற்காகத்தான் டிரெய்லரின் பின்பட்டையைக் கவ்விப் பிடிக்கும் பூட்டும், உள்ளும் வெளியும் மாறி மாறி எரியும் சிவப்பு, பச்சை விளக்குகளும் இருக்கின்றன: உள்ளே பச்சை என்றால் வெளியே சிவப்பு. வாக்கி டாக்கியில் மேற்பார்வையாளர் எத்தனை முறை அவசரப்படுத்தினாலும், வெளியே பச்சை எரிவதை என் கண்ணால் பார்க்காமல் நான் டிரெய்லரை அசைப்பதில்லை.

நான் திட்டிக்கொண்டிருந்த அந்த ஒன்பது மணி நேரம் எங்கே போயிற்று என்பது இங்கே வந்த பிறகுதான் தெரிந்தது. சின்ன வயதில் 15 எண்களும் ஒரு காலிக் கட்டமும் கொண்ட நகர்த்தும் விளையாட்டுப் பலகையை நீங்கள் கையில் வைத்திருந்திருப்பீர்கள்; நிரம்பிய யார்டு அதுபோன்றதுதான். வெளியே ஒருவர் காத்துக்கிடக்கும் டிரெய்லர், பின் வரிசையில் வேறு இரண்டின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். முன்னிருப்பவற்றை நகர்த்த வேறிடம் இருக்காது, ஏனென்றால் காலியாக வேண்டிய ஆறாம் டாக்கில் பாதி இறக்கிய சரக்கு ஷிஃப்ட் மாறும் நேரத்தில் அப்படியே நிற்கும். ஒருவழியாக வெளியே எடுத்தால், சீட்டில் இருக்கும் எண்ணும் கதவில் இருக்கும் சீல் எண்ணும் ஓர் இலக்கத்தில் மாறியிருக்கும். அதைச் சரிபார்க்க வேண்டியவர் தொலைபேசியை எடுக்க மாட்டார். குளிர்சாதன டிரெய்லராக இருந்தால், உள்வெப்பம் சொன்ன அளவுக்கு, சில சரக்குகளுக்கு பூஜ்ஜியத்துக்குக் கீழே 18 டிகிரிக்கு, இறங்கும் வரை ஏற்றவே கூடாது. வெயில் காலத்தில் தார்த்தளம் இளகி, லோடு ஏறிய டிரெய்லரின் முன்கால்கள் அதில் புதைந்து நிற்கும். அடியில் பலகை வைக்க மறந்தவருடைய பிழையை அடுத்த ஷிஃப்ட் சுமக்கும். இதில் எந்த இடத்திலும் யார்டு ஓட்டுநரின் சோம்பேறித்தனம் இல்லை என்று நான் சாதிக்கப்போவதில்லை, சோம்பேறிகள் இங்கும் உண்டு. ஆனால் நான் காத்திருந்த மணிகளில் பெரும்பகுதியை அந்தக் குட்டை வண்டிக்காரர் திருடவில்லை என்பதை அவர்களிடம் ஒரு மன்னிப்பாகவே எழுதுகிறேன்.

காத்திருப்பு என்றதும், கன்டெய்னர் கப்பல் போக்குவரத்தின் முன்னோடியான மால்கம் மெக்லீனின் நினைவு வருகிறது. லாரி ஓட்டுநராகத் தொழிலைத் தொடங்கிய அவர் 1937ஆம் ஆண்டில் பஞ்சுப் பொதிகளை ஏற்றிக்கொண்டு துறைமுகத்தில் நாள் முழுக்கக் காத்துக்கிடந்தாராம். ஒவ்வொரு பொதியாகக் கப்பலுக்குத் தூக்குவதைப் பார்த்துப் பார்த்து, லாரியின் பெட்டியை அப்படியே தூக்கி வைத்தால் என்ன என்று தோன்றியதாம். வரலாற்றாசிரியர்கள் இந்தக் கதையை ஐயத்தோடுதான் பார்க்கிறார்கள். ஆனால் 1956 ஏப்ரல் 26 அன்று அவருடைய கப்பல் 58 கன்டெய்னர்களோடு நியூவார்க்கிலிருந்து ஹியூஸ்டனுக்குப் புறப்பட்டது உண்மை. கதை பொய்யாகவே இருந்தாலும், அதை ஒரு லாரி ஓட்டுநர் நம்புவதற்குச் சான்று எதுவும் தேவைப்படாது. கப்பலின் காத்திருப்பு அந்தப் பெட்டியால் வாரக் கணக்கிலிருந்து மணிக் கணக்குக்குச் சுருங்கியது. லாரி ஓட்டுநரின் காத்திருப்பு மட்டும் கேட்டுக்கு வெளியே அப்படியே நிற்கிறது.

வருமானத்தைச் சொல்லாமல் விட்டால் இந்தப் பதிவு முழுமையாகாது. கையில் வருவது ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் இது மணிக்கணக்குச் சம்பளம் என்பதால், டாக் காலியாகக் காத்திருக்கும் நேரத்துக்கும் கூலி உண்டு. காத்திருக்கும்போது பதறாமல் உட்கார்ந்திருக்க நான் கற்றுக்கொள்ளவே சில வாரங்கள் ஆயின. வீட்டில் நடந்தது வேறு கதை. ஆரம்பத்தில் பின்னிரவு மூன்று மணிக்குத் தானாக விழித்துக்கொண்டு, இருட்டில் காலால் கிளட்ச்சைத் தேடுவேன். "என்னங்க, வண்டி இங்க இல்ல, படுங்க" என்று மனைவி தூக்கக் கலக்கத்திலேயே சொல்வார். 11 ஆண்டுகளில் அந்த வீடு நான் இல்லாமல் நடக்கப் பழகிவிட்டிருந்தது. எந்தச் சாவி எங்கே தொங்கும், எந்த நேரத்தில் யார் குளிப்பார்கள், மகள் எந்த மூலையில் உட்கார்ந்து படிப்பாள் என்பதற்கெல்லாம் ஓர் ஒழுங்கு இருந்தது. அதில் நான் எங்கு உட்கார்ந்தாலும் யாரோ ஒருவரின் இடத்தில் உட்கார்ந்தேன். விருந்தாளியாக வந்தபோது கிடைத்த மரியாதை, தினமும் வரத் தொடங்கியதும் குறைந்தது. அது குறைந்தது நல்லதுதான் என்று புரிய நாளாயிற்று.

இழந்தது எதுவென்று கேட்டால், தனிமையைச் சொல்வேன். விடியும் நேரத்தில் வெறிச்சோடிய சாலையில், லோடு நன்றாக உட்கார்ந்திருக்க, எஞ்சின் ஒரே சுருதியில் பாடிக்கொண்டிருக்கும் அந்த ஒரு மணி நேரம் இங்கே கிடையாது. இங்கே ஒவ்வொரு மூன்று நிமிடத்துக்கும் வாக்கி டாக்கியில் ஒரு குரல் கூப்பிடும்.

இந்த மாற்றத்தை யோசித்துக்கொண்டிருக்கும் ஓட்டுநர்கள், சம்பளத்தைக் கேட்பதற்கு முன் யார்டை ஒரு முறை நடந்து பார்த்துவிட வேண்டும் என்பேன். தளம் சமமாக இருக்கிறதா, இரவில் வரிசைகளின் கோடி வரை வெளிச்சம் எட்டுகிறதா, நடந்து போகிறவர்களுக்குத் தனிப்பாதை உண்டா, வண்டியின் பின்கதவும் படிகளும் என்ன நிலையில் இருக்கின்றன, ஒரு ஷிஃப்டில் எத்தனை நகர்வு எதிர்பார்க்கிறார்கள் என்று பார்த்தும் கேட்டும் தெரிந்துகொள்ள வேண்டும். எண்ணிக்கையைக் கேட்டதும் பதில் சொல்லத் தயங்கினால், அது அதிகமான எண்ணிக்கையாகத்தான் இருக்கும்.

போன மாதம் ஓர் இரவு, மணி இரண்டே முக்கால் இருக்கும். கேட்டுக்கு உள்ளே ஒரு லாரி விளக்கணைத்து நின்றது. ஸ்டியரிங்கின்மீது சாய்ந்தபடி ஓட்டுநர் தூங்கிக்கொண்டிருந்தார். அவருடைய டிரெய்லர் ஏற்றி முடிந்து பச்சை விழுந்துவிட்டது, ஆனால் என் பட்டியலில் அது நான்காவது. மேற்பார்வையாளரிடம் வாக்கி டாக்கியில் கேட்டு அதை முதலில் எடுத்தேன். வெளியேறும் வரிசையில் கொண்டு வந்து நிறுத்தி, முன்கால்களை அவருடைய லாரியின் உயரத்துக்குச் சரியாக இறக்கி, அடியில் பலகை வைத்துவிட்டு, அவருடைய கதவை இரண்டு விரலால் தட்டினேன். திடுக்கிட்டு எழுந்தவர் முதலில் கேட்டது, "எவ்ளோ நேரம் தூங்கிட்டேன்?" என்பதுதான். பிறகு லாரியைப் பின்னால் எடுத்து டிரெய்லரோடு இணைத்துவிட்டு இறங்கி வந்தார். கால்களையும் உயரத்தையும் பார்த்துத்தான் வைத்திருக்கிறேன் என்று நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொள்ளாமல், ஈரத் தரையில் ஒரு முழங்காலை ஊன்றிக் குனிந்து, தாடை மூடியிருக்கிறதா என்று தேடினார். அவருடைய டார்ச் மங்கலாக எரிந்தது. என்னுடையதை எடுத்து அவர் தோளுக்கு மேலாக உள்ளே அடித்தேன்.